சனிக்கிழமை விரதமும் 26 கேள்விகளும்

தேனி மாவட்டத்துக் குச்சனூரில் சனிக்கிழமை என்றாலே சுரபி ஆற்றங்கரையில் கூட்டம்தான். ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் கேட்கவே வேண்டாம். சுயம்பு சனீஸ்வரரைக் கும்பிட வருகிறவர்களில் பலர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்திருப்பார்கள். எள் தீபம் ஏற்றி, காகத்துக்குச் சோறு வைத்து, அது கொத்திய பிறகுதான் இலையில் உட்காருவது என்று வழக்கம் வைத்திருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் நிறைய.

அந்த வரிசையில் நிற்கும் ஒரு கல்லூரி மாணவியிடம், உண்ணுதல் கோளாறு என்ற மனநலச் சிக்கலைச் சலித்தெடுக்கக் கனடாவில் உருவான ஒரு வினாத்தாளை நீட்டுவதாக வைத்துக்கொள்வோம். பசித்தாலும் சாப்பிடாமல் இருப்பீர்களா? இருப்பேன். வயிறு காலியாக இருப்பது பிடிக்குமா? விரத நாளில் பிடிக்கும். சாப்பாட்டு விஷயத்தில் உங்களைக் கட்டுப்படுத்திக்கொள்வீர்களா? அதற்குத்தானே விரதம். நீங்கள் இன்னும் கொஞ்சம் சாப்பிட வேண்டும் என்று மற்றவர்கள் நினைக்கிறார்களா? அம்மாவும் நினைக்கிறார், அம்மாச்சியும் நினைக்கிறார், பக்கத்து வீட்டு அத்தையும் நினைக்கிறார். மதிப்பெண்ணைக் கூட்டினால் நல்ல ஆரோக்கியமான பெண்ணும் ‘சந்தேகத்துக்குரியவர்’ பட்டியலுக்கு அருகில் வந்துவிடுவாள்.

இந்த வினாத்தாளை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் டேவிட் கார்னர் என்ற உளவியலாளர். டொரண்டோவில் பால் கார்ஃபிங்கல் என்ற மனநல மருத்துவருடன் சேர்ந்து 1979இல் 40 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலை வெளியிட்டார். 1982இல் அது 26 கேள்விகளாகச் சுருங்கியது. 20 மதிப்பெண்ணைத் தொட்டால், அந்த நபரை உட்கார வைத்து விரிவாகப் பேசிப் பார்க்க வேண்டும் என்று பொருள். நோய் இருக்கிறது என்று பொருள் இல்லை. யாரை நேரில் விசாரிப்பது என்று சலித்தெடுக்கும் கருவி மட்டுமே அது. உண்ணுதல் கோளாறு பற்றிய ஆய்வுகளில் இந்த அளவுக்கு உலகம் சுற்றிய கருவி வேறு இல்லை எனலாம்.

இந்தியாவுக்கு வந்தபோதுதான் அது தடுமாறியது. மைக்கேல் கிங், தினேஷ் புக்ரா என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் வட இந்திய நகரம் ஒன்றின் பள்ளி மாணவிகளிடம் அதை இந்தியில் கொடுத்துப் பார்த்து, 1989இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மதிப்பெண்கள் எதிர்பாராத அளவுக்கு எகிறியிருந்தன. எந்தெந்தக் கேள்விகளால் என்று பிரித்துப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. உணவைச் சிறு துண்டாக்குவது, கட்டுப்பாடாக உண்பது போன்ற சில கேள்விகளுக்கு அந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டு வழக்கத்தையும் நோன்பையும் மனதில் வைத்துப் பதில் சொல்லியிருந்தார்கள். உளவியல் ஆய்வு படிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் முதல் வகுப்பிலேயே இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்பேன். மொழிபெயர்ப்பு சரியாக இருந்தாலும் கேள்வி வேறாகிவிடும்.

இதைக் கேட்டதும், ‘அதானே பார்த்தேன், நம்ம ஊர்ல இதெல்லாம் ஏது’ என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. இருபோகம் நெல் விளையும் பூமியில், வாழையும் பன்னீர் திராட்சையும் லாரி லாரியாகப் போகும் கம்பம் பள்ளத்தாக்கில், சாப்பாட்டை வெறுக்கும் நோயா என்று கேட்கத் தோன்றும். விளைச்சலுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை. இங்கே அது வேறு முகத்தோடு வருகிறது, அவ்வளவுதான்.

லண்டனில் வில்லியம் கல்லும் பாரிஸில் சார்லஸ் லசேக்கும் 1873இல், சாப்பிட மறுத்து மெலியும் அனோரெக்சியா நோயைத் தனித்தனியே விவரித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குள், ‘குண்டாகிவிடுவோமோ என்ற பயம்’ இருந்தால்தான் அது அனோரெக்சியா என்று பாடநூல்கள் தீர்மானித்துவிட்டன. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 1995இல் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். சாப்பிட மறுப்பு, வாந்தி, எடைக் குறைவு, மாதவிடாய் நின்றுபோதல் எல்லாம் இருந்தன. தன் உடம்பு பெருத்துவிட்டது என்ற எண்ணம் மட்டும் இல்லை. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1993இல் ஆராய்ந்த 70 நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தப் பயம் இல்லை. வயிறு உப்புசம், பசியே இல்லை என்றுதான் சொன்னார்கள். நம் ஊர் டாக்டர்களுக்குப் பழக்கமான பேச்சு இது: “பசிக்கலைம்மா”, “சாப்பிட்டா வயித்தைப் பிரட்டுது”. வேலூர் சிஎம்சியின் குழந்தைகள் மனநலப் பிரிவு 2007இல் வெளியிட்ட கணக்கிலும், உண்ணுதல் கோளாறோடு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் மனக்காரணத்தால் வரும் வாந்தியோடு வந்தவர்களே. அனோரெக்சியா அதற்கு அடுத்த இடத்தில்தான்.

சென்னையில் சீனிவாசன், சுரேஷ், வசந்தா ஜெயராம் ஆகியோர் செய்த ஆய்வு எனக்குப் பிடித்தமானது. வெளிநாட்டு அளவுகோலை மட்டும் நம்பாமல், இங்குள்ள இளைஞர்களுக்கென்றே ஒரு வினாத்தாளை உருவாக்கி 1998இல் வெளியிட்டார்கள். 210 மருத்துவ மாணவர்களைப் பார்த்ததில் சுமார் 15 சதவீதம் பேருக்கு, முழு நோயின் அளவுக்குப் போகாத, ஆனால் சாப்பாட்டையும் எடையையும் பற்றிய ஓயாத உளைச்சல் இருந்தது. இன்ஸ்டாகிராமும் ஜிம் செல்ஃபியும் வருவதற்கு வெகு முன்பு எடுத்த கணக்கு இது.

ஆரம்பக் காரணம் விரதமா, அழகா, பரீட்சைப் பயமா என்று உடம்பு பார்ப்பதில்லை. பட்டினி நீண்டால் மனம் கெடும். இதை நேருக்கு நேர் காட்டியது அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகச் சோதனை. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், பட்டினியால் வாடும் ஐரோப்பிய மக்களை எப்படி மீட்பது என்று அறிய உடலியலாளர் ஆன்சல் கீஸ் திட்டமிட்டார். உளவியல் பகுதியை ஜோசப் ப்ரோஜெக் கவனித்தார். போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள் விரும்பி வந்து, பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்துக் கட்டடத்தில் தங்கினார்கள். 24 வாரம் உணவைப் பாதியளவுக்குக் குறைத்தார்கள். உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. கூடவே வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. எடையில் ஏறக்குறைய கால்பங்கு கரைந்தது.

கரைந்தது எடை மட்டுமா? சமையலில் அக்கறையே இல்லாத பையன்கள் சமையல் புத்தகம் சேர்க்கத் தொடங்கினார்கள். ஒரு தட்டு உணவை மணிக்கணக்காகத் தின்றார்கள், தண்ணீர் ஊற்றிப் பெருக்கினார்கள், தட்டை நக்கினார்கள். நண்பர்களை ஒதுக்கினார்கள், காதலிகளை மறந்தார்கள், கோடையிலும் குளிருகிறது என்றார்கள். ஒருவர் கோடரியால் தன் விரல்களை வெட்டிக்கொண்டார். சாப்பாடு திரும்பக் கிடைத்தபோது வயிறு நிரம்பியும் நிறுத்த முடியாமல் தின்றவர்கள் இருந்தார்கள். அனோரெக்சியா நோயாளியின் குணம் என்று அதுவரை எழுதப்பட்டவற்றில் பல, பட்டினி உண்டாக்கிய குணங்கள் என்பது தெரியவந்தது. ‘பிடிவாதக்காரி’ என்று நாம் திட்டுகிற பெண்ணின் பிடிவாதத்தில் எத்தனை பங்கு பசியினுடையது என்று யோசித்துப் பார்க்கலாம்.

சரி, விரதத்தையும் நோயையும் எப்படிப் பிரிப்பது? வினாத்தாளால் முடியாது. உட்கார்ந்து கதை கேட்கும் உளவியலாளரால் முடியும். அவர் முதலில் விசாரிக்க வேண்டியது விரதம் விடுவதைப் பற்றி என்பது என் கருத்து. ஒருபொழுது இருப்பவருக்கு நாள் தெரியும், வீட்டுக்கே தெரியும், விடும் நேரத்தில் வடை பாயசத்தோடு இலை காத்திருக்கும், அவரும் ஆவலோடு உட்காருவார். நோய் பிடித்தவருக்கு விரதம் விடும் நேரம்தான் கண்டம். சனிக்கிழமை மெல்ல வியாழனுக்கும் செவ்வாய்க்கும் நீளும். ‘ஹாஸ்டல்லயே சாப்பிட்டுட்டேன்’ என்ற பொய் வரும். சாப்பிட்ட கையோடு குளியலறைக்குப் போவது, முடி கொட்டுவது, மாதவிடாய் தள்ளிப்போவது, தலைசுற்றல், தனியாகவே உண்ண விரும்புவது எல்லாம் சேர்ந்தால் சாமி பேரைச் சொல்லி மழுப்பக் கூடாது. பையன்களுக்கும் இது வரும். நம் வீடுகளில் அதைக் கவனிப்பதே இல்லை.

சிகிச்சையில் நமக்குச் சாதகமான ஒன்று உண்டு. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவாகி 1987இல் முதல் முடிவுகள் வெளிவந்த குடும்பவழிச் சிகிச்சையில், பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. பிள்ளைக்குச் சோறு போடும் பொறுப்பைத் திரும்ப அவர்களிடமே கொடுத்து, உளவியலாளர் பின்னால் நிற்கிறார். அதற்குப் பிறகே படிப்படியாகப் பிள்ளையின் கைக்கு மாற்றுகிறார்கள். வளரிளம் பருவத்தினரிடம் நல்ல பலன் தரும் முறை இது. கூடி உண்ணும் நம் வீடுகளுக்குப் பொருந்தக்கூடியது.

ஓர் எச்சரிக்கை. பல வாரங்கள் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்த பிள்ளைக்கு ஒரே நாளில் விருந்து வைத்துத் தேற்ற முயலாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி இதயத்தையே பாதிக்கலாம். மருத்துவர் கண்காணிப்பில்தான் உணவைக் கூட்ட வேண்டும். தேனி மாவட்டத்துக்காரர்கள் கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநலச் சேவை அது. தமிழிலேயே பேசலாம்.