கடைமடைக்கு வந்துசேராத மின்சாரம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலடோனியாவிலிருந்து கிழக்கே கிளம்பினால், கொஞ்ச தூரத்தில் சாலை அம்புபோல் நிமிர்ந்துவிடும். அங்கிருந்து கைகூனா வரை 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. அயர் நெடுஞ்சாலையின் இந்தப் பகுதிதான் அந்த நாட்டின் மிக நீண்ட நேர்ச் சாலை. சுற்றிலும் விரிந்து கிடப்பது நல்லார்போர் சமவெளி. லத்தீனில் ‘மரமே இல்லை’ என்று பொருள்படும் பெயர். டீசல், சாப்பாடு, படுக்கை மூன்றும் ஓரிடத்தில் கிடைக்கும் ரோட்ஹவுஸ்கள்தான் இங்கே ஊர்கள். பாலடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் நடுவே சுமார் 180 கிலோமீட்டருக்கு அதுவும் இல்லை.

இந்தச் சாலையில் கேரவன் வண்டியை இழுத்துக்கொண்டு போகிறவர்களில் பலர் பணி ஓய்வு பெற்ற தம்பதிகள். ‘கிரே நோமேட்ஸ்’, அதாவது நரைமுடி நாடோடிகள் என்று ஆஸ்திரேலியர்கள் அவர்களைப் பிரியமாக அழைக்கிறார்கள். கேரவனுக்குள் கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் என்று ஒரு குட்டி வீடே இருக்கிறது. அந்த வீட்டுக்கு மின்சாரம் தருவது அதற்குள்ளேயே இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. பகலெல்லாம் முன்னால் இழுக்கும் வண்டியில் எஞ்சின் ஓடுகிறது, அதோடு மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர் சுழல்கிறது, ஆகவே பின்னால் பேட்டரி நிரம்பிக்கொண்டிருக்கும் என்பது எல்லோருடைய நம்பிக்கை. ஐந்து மணி நேரம் ஓட்டிவிட்டு இரவில் வண்டியை ஓரம்கட்டும்போதுதான் விளக்கு மங்குகிறது. ஃபிரிட்ஜ் நிற்கிறது. அதற்குள் இருப்பது வெறும் பாலும் தக்காளியும் என்றால் போகட்டும், இன்சுலின் இருந்தால்? தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்காக இரவு முழுக்கக் கருவி பொருத்திக்கொண்டு படுப்பவர் இருந்தால்? அடுத்த ரோட்ஹவுஸ் 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இடத்தில் இதைச் சின்ன விஷயமாக என்னால் எண்ண முடியவில்லை.

பத்து மீட்டர் வாய்க்கால்

அணையைத் திறந்துவிட்டால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் தானாகப் போய்விடாது என்பது நமக்குத் தெரியும். வாய்க்கால் குறுகலாக இருந்தால், வழியில் வேறு வயல்கள் பாய்ச்சிக்கொண்டால், கடைசி வயலுக்கு ஈரம்தான் மிஞ்சும். கேரவன் பேட்டரி ஒரு கடைமடை வயல். வோல்ட்தான் நீர்மட்டம், கேபிள்தான் வாய்க்கால்.

வண்டியின் பானெட்டிலிருந்து கேரவனில் பேட்டரி இருக்கும் இடம்வரை கேபிள் வழி சுமார் 10 மீட்டர். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கணக்குக்கு 20 மீட்டர். ஆஸ்திரேலியக் கடைகளில் ‘6 எம்.எம். ஆட்டோ கேபிள்’ என்று ஒன்று விற்கும். அந்த 6 என்பது மேலுறையையும் சேர்த்த குறுக்களவு. உள்ளே இருக்கும் செம்பின் பரப்பு ஏறக்குறைய 4.6 சதுர மில்லிமீட்டர்தான். பெயரை நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம். இந்தக் கேபிளில் 20 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.5 வோல்ட் தொலைந்துபோகும். ஆல்டர்நேட்டர் 14.2 வோல்ட் கொடுத்தாலும் கடைசியில் கிடைப்பது 12.7. ஈய அமில பேட்டரி நிரம்பிய நிலையில் சும்மா இருக்கும்போதே 12.7 வோல்ட் காட்டும். அதை முழுதாக நிரப்ப வேண்டுமானால் சுமார் 14.4 வோல்ட் வேண்டும். மின்னோட்டம் குறையக் குறைய இழப்பும் குறையும் என்பதால் சார்ஜ் அடியோடு நின்றுவிடாது. சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருக்கும். மாலைக்குள் நிரம்பாது, அவ்வளவுதான்.

இதற்கிடையே கேஸ், வீட்டு மின்சாரம், 12 வோல்ட் என்று மூன்றிலும் ஓடும் ஃபிரிட்ஜ் இருந்தால், ஓடும்போது அது மட்டுமே 12 முதல் 15 ஆம்பியர் குடிக்கும். அதே மெல்லிய கேபிளில் அதையும் இணைத்திருந்தால், தலைமடையிலேயே பாதித் தண்ணீர் போன மாதிரி. ஃபிரிட்ஜுக்கும் பேட்டரிக்கும் தனித்தனிக் கேபிள் வேண்டும். பேட்டரிக்குப் போவது அங்கே ‘6 பி அண்ட் எஸ்’ என்று விற்கும் 13.5 சதுர மில்லிமீட்டர் கேபிளாக இருந்தால், அதே 20 ஆம்பியருக்கு இழப்பு அரை வோல்ட்தான்.

மாறிப்போன ஆல்டர்நேட்டர்

பழைய வண்டிகளுக்குக் கனமான கேபிளும் ஒரு ரிலேயும் போதுமானதாக இருந்தன. எஞ்சின் ஓடி வோல்டேஜ் 13.3-ஐத் தொட்டதும் ரிலே வண்டியின் முன் பேட்டரியையும் கேரவன் பேட்டரியையும் இணைக்கும், 12.8 வாக்கில் இறங்கியதும் பிரிக்கும். வண்டி நிற்கும்போது கேரவனின் தேவைக்காக முன் பேட்டரி காலியாகி, காலையில் ஸ்டார்ட் ஆகாமல் போகும் ஆபத்து அதனால் நீங்கியது.

இப்போது வரும் பல வண்டிகளில் இந்த ஏற்பாடு பலிக்காது. எரிபொருளை மிச்சப்படுத்தவும் புகையைக் குறைக்கவும் ஆல்டர்நேட்டரை வண்டியின் கணினியே ஆட்டிவைக்கிறது. முன் பேட்டரி நிறைந்துவிட்டால் வோல்டேஜை 12.5 அளவுக்கு இறக்கிவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டி வேகம் தணியும்போது 15 வரை ஏற்றும். நேர்ச் சாலையில் ஒரே வேகத்தில் போகும் வண்டிக்கு அந்த வாய்ப்பு அடிக்கடி வராது. ரிலே, எஞ்சின் நின்றுவிட்டதாக எண்ணிக் கேரவனைப் பிரித்துவிடும். அணையில் தண்ணீர் இருந்தும் மதகு மூடியிருக்கும்.

கடைசியில் ஒரு பம்புசெட்

மட்டம் தாழ்ந்த வாய்க்காலிலிருந்து மேட்டு வயலுக்குப் பாய்ச்ச வேண்டுமென்றால் நாம் என்ன செய்வோம்? வயல் ஓரத்தில் மோட்டார் வைப்போம். டிசி-டிசி சார்ஜர் என்ற பெட்டி அதைத்தான் செய்கிறது. உள்ளே வருவது 12 வோல்ட் ஆனாலும் 15 ஆனாலும், பேட்டரிக்குத் தேவையான 14.4 வோல்ட்டாக மாற்றித் தருகிறது. மோட்டாரைப் போல இதையும் கடைமடையில், கேரவன் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.

மோட்டார் வைத்தாகிவிட்டது, வாய்க்கால் எப்படி இருந்தால் என்ன என்று விட்டுவிடக் கூடாது. 25 ஆம்பியர் தரும் சார்ஜர், வரத்து 12.5 வோல்ட்டாக இருக்கும்போது 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய கேபிளில் 32 ஆம்பியர் ஓடினால், 75 வாட்டுக்குக் குறையாமல் கேபிளிலேயே சூடாக வீணாகும். தடித்த கேபிள் இங்கேயும் வேண்டும். வண்டிக்கும் கேரவனுக்கும் இடையில் 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் வைப்பது அங்கே வழக்கம். கேபிளின் இரு முனையிலும் பேட்டரி இருப்பதால் இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். திரும்பும் மின்சாரத்துக்குக் கிரீஸ் பூசிய இழுவைக் கொக்கியை நம்பாமல் அதற்கும் தனிக் கேபிள் போட வேண்டும். நவீன ஆல்டர்நேட்டர் உள்ள வண்டியில், எஞ்சின் ஓடுகிறது என்று சார்ஜருக்குச் சொல்ல இக்னிஷனிலிருந்து ஒரு சின்ன வயரும் வேண்டும்.

எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும்?

கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ், விளக்கு, தண்ணீர்ப் பம்பு, போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் 60 ஆம்பியர்-மணி செலவாவதாக வைத்துக்கொள்வோம். 25 ஆம்பியர் சார்ஜர் அதை இரண்டரை மணி நேரத்தில் திருப்பித் தர வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஏறக்குறைய அப்படியே வாங்கிக்கொள்ளும். ஈய பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டியதும் மெதுவாகத்தான் வாங்கும். மீதி ஏறப் பல மணி நேரம் பிடிக்கும். அதைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுளும் குறையும். பாதி நிரம்பிய நிலையிலேயே நாள்கணக்கில் விட்டுவைத்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டுவிடும். அதனால் ஈய பேட்டரி வைத்திருப்பவர்களுக்குக் கூரையில் ஒரு சோலார் பேனலும் தேவை.

லித்தியத்துக்கு வேறு இரண்டு எச்சரிக்கைகள். சார்ஜர் இல்லாமல் நேரடியாக இணைத்தால் அளவு மீறி இழுத்து ஆல்டர்நேட்டரைச் சுட்டுவிடும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைவனங்களில் குளிர்கால அதிகாலைகள் அந்த அளவுக்குக் குளிரும்.

கிளம்பும் முன் ஒரு மல்டிமீட்டர்

இத்தனைக்கும் தேவைப்படும் பரிசோதனை கால் மணி நேர வேலை. எஞ்சின் ஓடட்டும், ஃபிரிட்ஜும் சார்ஜரும் இயங்கட்டும். மல்டிமீட்டரை முதலில் முன் பேட்டரியில், பிறகு ஆண்டர்சன் பிளக்கில், அதன்பின் சார்ஜருக்குள் கேபிள் நுழையும் இடத்தில் வைத்துப் பாருங்கள். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே வோல்டேஜ் சட்டென்று விழுகிறதோ, கோளாறு அங்கே இருக்கிறது: தளர்ந்த முனை, களிம்பு பிடித்த பிளக், மெலிந்த கேபிள். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கணக்கெடுக்கும் பேட்டரி மானிட்டர் ஒன்றும் பொருத்திவிட்டால், மாலையில் எவ்வளவு கையிருப்பு என்பது எண்ணாகத் தெரியும்.

கேரவனை விற்பவர்கள் கட்டிலின் மெத்தையையும் அலமாரியின் பளபளப்பையும் காட்டுகிறார்கள். வாங்குபவர் கையில் மீட்டரைக் கொடுத்து, பின் பேட்டரிக்கு இவ்வளவு வருகிறது, பாருங்கள் என்று காட்டுவதும் விற்பனையின் பகுதியாக வேண்டும். வாழ்நாளெல்லாம் உழைத்துச் சேர்த்த பணத்தில் நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் முதியவர்களுக்கு அது நாம் செய்யும் மரியாதை. தலைமடையில் நின்றுகொண்டு தண்ணீர் போகிறது என்று சொல்லிவிடலாம். கடைசி வயலின் வரப்பில் நின்று பார்த்தவருக்குத்தான் பயிர் நனைந்ததா என்று தெரியும்.