விசிலடித்தவர்களிடம் கணக்குத் தீர்க்க வருகிறது டூன் 3

‘டூன்’ இரண்டாம் பாகத்தில் நாயகன் பால் அட்ரெய்டிஸ் முதன்முறையாக மணற்புழுவின் மேல் ஏறும் காட்சி. பாலைவனத்தில் ஒரு கருவியை நட்டுவிட்டுக் காத்திருக்கிறான். அது தடக் தடக்கென்று தரையைத் தட்டத் தட்ட, தொலைவில் மணல் எழும்பி அவனை நோக்கி வருகிறது. மேட்டின் விளிம்பில் ஓடுகிறான். காலுக்குக் கீழே மேடே சரிகிறது. புழுதிக்குள் காணாமல் போனவன், கொக்கியை மாட்டிப் புழுவின் முதுகைப் பற்றிக்கொண்டு வெளியே வருகிறான். இந்த ஒரு காட்சிக்காகவே தனி யூனிட் வைத்துப் படம் பிடித்தார் இயக்குநர் டெனி வில்நெவ். நான் பார்த்த தியேட்டரில் விசில் பறந்தது.

அந்த விசிலைக் கேள்வி கேட்கத்தான் மூன்றாம் பாகம் வருகிறது. 2026 டிசம்பர் 18 என்று தேதி குறித்திருக்கிறார்கள். அதே நாளில்தான் ‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’யும். ஒரு பக்கம் நாயகர்கள் கூட்டமாகத் திரும்பி வருகிறார்கள். இன்னொரு பக்கம் ஒரே ஒரு நாயகன், அவனையும் கீழே இறக்கப் போகிறார்கள்.

இது வில்நெவ் புதிதாகக் கண்டுபிடித்த திருப்பம் அல்ல. ஃபிராங்க் ஹெர்பெர்ட்டின் ‘டூன்’ நாவல் 1965-ல் வந்தது. பதிப்பகம் பதிப்பகமாகத் திருப்பி அனுப்பிய அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கடைசியில் புத்தகமாக்கியது, கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பேர்போன சில்டன் நிறுவனம். தலைவனைக் கண்மூடி நம்பாதீர்கள் என்று சொல்ல நினைத்தார் ஹெர்பெர்ட். வாசகர்களோ பாலையே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அதன் தொடர்ச்சியாக 1969-ல் வந்த ‘டூன் மெசையா’வில் அவர் பூசி மெழுகவில்லை. மூன்றாம் பாகத்துக்கு மூலம் இந்த நாவல்தான். முதல் நாவலைத் தன் பத்திரிகையில் தொடராக வெளியிட்ட ஆசிரியர் ஜான் கேம்பெல், இதை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நாயகன் நாயகனாக இல்லை என்பதுதான் அவருடைய குறை.

அவர் சொன்னதில் தப்பில்லை. கதை பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தொடங்குகிறது. பால் இப்போது பேரரசன். அவன் பெயரால் நடந்த புனிதப் போரில் 6,100 கோடிப் பேர் செத்திருக்கிறார்கள். செங்கிஸ்கானையும் ஹிட்லரையும் பேச்சில் இழுத்து, தன்னோடு ஒப்பிட்டால் அவர்கள் எம்மாத்திரம் என்பதுபோல அவனே கணக்குச் சொல்கிறான். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பவன், அவனை அவதாரமாக நம்பிப் பின்தொடர்ந்த ஸ்டில்கர்.

சினிமாவில் ஸ்டில்கராக வரும் ஹாவியர் பார்டெமை மறக்க முடியுமா? நான் அவதாரம் இல்லை என்று பால் மறுத்தால், இவ்வளவு தன்னடக்கம் அவதாரத்துக்குத்தான் இருக்கும் என்று பூரித்துப்போவார். தியேட்டரே சிரித்தது. ஆனால் படம் முடியும்போது அதே மனிதர் அதே நம்பிக்கையோடு படையை விண்கலத்தில் ஏற்றுகிறார்; அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வில்நெவின் கெட்டிக்காரத்தனத்துக்கு, என்னைக் கேட்டால், புழு சவாரியைவிட இதுதான் நல்ல சாட்சி. இருந்தாலும் அந்தச் சவாரியின் போதை எச்சரிக்கையை முக்கால்வாசி மூழ்கடித்துவிட்டது என்பதும் உண்மை. அந்தப் பாக்கியை மூன்றாம் பாகம்தான் கட்ட வேண்டும்.

கட்டுவது சுலபமில்லை. ‘மெசையா’ மெலிந்த புத்தகம். போர்க்களம் கிட்டத்தட்ட இல்லை. அறைக்குள் உட்கார்ந்து நாலு பேர் போடும் சதியில்தான் கதை ஆரம்பிக்கிறது. அவர்களில் ஒருவன் நினைத்த உருவத்துக்கு மாறுவான், இன்னொருவன் தொட்டிக்குள் மிதந்தபடியே பேசுவான். இதை ஐமேக்ஸ் திரைக்கு எப்படிக் கொண்டுபோகப் போகிறார்கள் என்பதைப் பார்க்கவே முதல் நாள் போகலாம். 2025 ஜூலையில் புடாபெஸ்டில் படப்பிடிப்பு தொடங்கியது. இசை மறுபடியும் ஹான்ஸ் ஸிம்மர். ஒளிப்பதிவுக்கு கிரெய்க் ஃபிரேசருக்குப் பதில் ‘லா லா லேண்ட்’ எடுத்த லினஸ் சாண்ட்கிரன். முதல் பாகத்தில் செத்துப்போன டங்கன் ஐடஹோவாக நடித்த ஜேசன் மொமோவா திரும்பி வருகிறார். எப்படி என்பது நாவல் படித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

நாவல் படித்தவர்களுக்கும் தெரியாத ஒரு முடிச்சு உண்டு. பாலின் காதலி சானி. புத்தகத்தில் அவள் பாலை விட்டுப் பிரிவதே இல்லை. பேரரசனுக்குப் பட்டத்து ராணி வேறொருத்தி என்றானபோதும் கூடவே இருக்கிறாள். படத்தில் ஸெண்டயாவின் சானி அவனை அவதாரமாக ஏற்க மறுத்து, கடைசிக் காட்சியில் பாலைவனத்துக்குத் தனியே போய்விடுகிறாள். ‘மெசையா’வின் உயிர்நாடியே அவர்கள் இருவரும்தான். போனவள் எதற்காகத் திரும்புவாள்? அன்பா, அரசியலா? முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவளை இரண்டு வசனத்தில் சமாதானப்படுத்தி அழைத்து வந்தால் இரண்டாம் பாகத்தின் கௌரவமே போய்விடும். எனக்கிருக்கும் பயம் அது ஒன்றுதான்.

காத்திருப்பது இந்த ரசிகர்களுக்குப் பழகிப்போனது. முதல் பாகம் கொரோனாவால் 2021-க்குத் தள்ளிப்போனது. இரண்டாம் பாகத்துக்கு உத்தரவாதமே இல்லாத நிலையில் துணிந்து ‘முதல் பாகம்’ என்று டைட்டில் போட்டார்கள். படம் வெளியான பிறகுதான் அடுத்ததற்குப் பச்சைக்கொடி கிடைத்தது. அந்த இரண்டாம் பாகமும் நடிகர்கள் வேலைநிறுத்தத்தால் 2023 நவம்பரிலிருந்து 2024 மார்ச்சுக்குப் போனது.

இதோடு டூனுக்குக் கும்பிடு என்று வில்நெவ் சொல்லிவிட்டார். அடுத்து அவர் கையில் இருப்பது ஜேம்ஸ் பாண்ட். ஹெர்பெர்ட் எழுதிய நாவல்கள் மொத்தம் ஆறு. நான்காவதில் பாலின் மகன் பாதி மனிதன், பாதி புழுவாகி 3,500 ஆண்டுகள் ஆள்கிறான். அதைப் படமாக்க எந்த ஸ்டுடியோ பணம் போடும் என்று தெரியவில்லை. வில்நெவ் சரியான நேரத்தில்தான் நழுவுகிறார்.