பள்ளிக் கூரையில் கல்நார்: கண்காணிப்பவர் யார்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு நகரம் ஒன்றிலே உள்ள பழைய பள்ளிக்கூடத்தினுள், வாசகரே, நாம் மனத்தால் நுழைந்து பார்ப்போம். செங்கல்லால் எழுப்பிய மூன்றடுக்குக் கட்டடம். கடுங்குளிர் நாடாதலால் அடித்தளத்தில் பெரிய கொதிகலன் ஒன்று இருக்கும். அதிலிருந்து புறப்படும் நீராவிக் குழாய்கள் சுவரோரமாகவும் கூரையடியிலும் ஓடி, வகுப்பறைதோறும் வெப்பத்தைக் கொண்டு சேர்க்கும். அக்குழாய்களின்மேல், முறிந்த கைக்கு மாவுக்கட்டுப் போட்டாற்போல, வெண்ணிறப் பொதிவு ஒன்று சுற்றப்பட்டிருக்கும். சுற்றியவர்கள் தீய எண்ணத்தோடு சுற்றவில்லை. வெப்பம் வீணாகாதிருக்கவும் தீப் பற்றாதிருக்கவும் அக்காலத்தார் கண்ட சிறந்த பொருள் அதுவே. அதன் பெயர் கல்நார். ஆஸ்பெஸ்டாஸ் என்று நாம் வழங்குவது.

நம் ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் என்றவுடன் கூரைத் தகடே நினைவுக்கு வரும். அது சிமெண்டோடு கலந்து இறுகியது. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடையும்போதும் அதன் தூள் பறக்கும். அமெரிக்கப் பள்ளிகளில் பெரிதும் அஞ்சப்படுவதோ குழாய்ப் பொதிவும், கூரையின் அடிப்பக்கத்தில் பஞ்சுபோல் தெளித்து ஒட்டிய பூச்சும் ஆகும். உலர்ந்த நிலையில் கையால் நெரித்தாலே அவை பொடியாகிவிடும். அப்பொடியில் உள்ள இழைகள் கண்ணுக்குப் புலப்படாதவை, மணமும் இல்லாதவை. மூச்சோடு உட்சென்றவை நுரையீரலில் தங்கிவிடும். நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய், நுரையீரற் புற்று, நுரையீரலின் உறையைப் பற்றும் மீசோதீலியோமா என்னும் கொடிய புற்று ஆகியவை இவ்விழைகளால் விளைகின்றன. நியூயார்க்கு மருத்துவர் இர்விங் செலிக்காஃப், குழாய்களுக்குப் பொதிவு சுற்றும் தொழிலாளரை ஆராய்ந்து இவ்வுண்மையை 1964ஆம் ஆண்டில் உலகறியச் செய்தார்.

இந்நோயின் தன்மையில் ஒரு சூழ்ச்சி உண்டு. இழை உட்சென்று இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் கழித்தே மீசோதீலியோமா தலைகாட்டும். பத்து வயதில் பள்ளியில் சுவாசித்த தூசு, பேரன் பேத்தி எடுக்கும் வயதில் வந்து கேள்வி கேட்கும். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் போல இன்று கெட்டு நாளை தெரிவதானால் எந்தப் பெற்றோரும் சும்மா இருக்கமாட்டார்கள். எந்த அரசும் சும்மா இருக்க முடியாது. விளைவு அரை நூற்றாண்டு தள்ளி வருவதால், மேற்பார்வை செய்வோர்க்கு இன்று சற்றுக் கண்மூடுவது எளிதாகிறது. நாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்தது இதன் பொருட்டே. நம் பங்குகளிலிருந்து சென்று அந்நாட்டில் குடியேறிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பங்கள் இருக்கின்றன என்பது மற்றொரு காரணம்.

1982ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பள்ளிகளுக்கு ஒரு விதி வகுத்தது. பொடியாகக்கூடிய கல்நார் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் பெற்றோர்க்கும் பணியாளர்க்கும் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். கண்டபின் என்ன செய்வது என்பது பற்றி அவ்விதி வாய் திறக்கவில்லை. வீட்டில் பாம்பு இருக்கிறது என்று அறிவித்துவிட்டுப் போவது போன்ற ஏற்பாடு அது. அஞ்சிய சில பள்ளிகள் அவசர அவசரமாகக் கல்நாரைப் பிய்த்தெறிந்தன. முறையறியாமல் பிய்த்தால், அதுவரை அசையாது கிடந்த இழைகள் கட்டடமெங்கும் பரவும்; நோயைவிட மருந்து கொடிதாகும்.

இக்குழப்பத்தை ஒழுங்குபடுத்தவே கல்நார் அபாய அவசரகால நடவடிக்கைச் சட்டம் பிறந்தது. குடியரசுத் தலைவர் ரீகன் 1986 அக்டோபர் 22ஆம் நாள் அதில் கையொப்பமிட்டார். கல்நாரை எல்லாம் அகற்றியே தீர வேண்டும் என்று அச்சட்டம் கூறவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். எங்கெங்கே உள்ளது என்று கண்டறி, அதன் நிலையைக் குறித்து வை, சிதையாமல் காத்து வா, சிதைந்தால் தேர்ச்சி பெற்றவரைக் கொண்டு சீர்செய், வேண்டுமானால் அகற்று என்பதே அதன் நெறி. நன்னிலையில் உள்ளதைத் தொடாமல் விடுவது பலவேளை அகற்றுவதிலும் பாதுகாப்பானது. ஆனால் தொடாமல் விடுவதும் பாராமல் விடுவதும் ஒன்றல்லவே!

ஆகவே பார்க்கும் கடமை நாள் கணக்கோடு விதிக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் ஒருவர் மூன்றாண்டுக்கு ஒருமுறை கட்டடத்தை மறு ஆய்வு செய்ய வேண்டும். இடையிலே ஆறு மாதத்திற்கு ஒருமுறை கல்நார் உள்ள இடங்களைச் சுற்றிப் பார்த்து நிலையை எழுத வேண்டும். ஒரு பொருளில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் கல்நார் இருந்தால் அது கல்நார்ப் பொருளாகக் கொள்ளப்படும். எல்லாவற்றையும் தொகுத்த மேலாண்மைத் திட்டம் என்னும் ஏடு பள்ளியிலேயே இருக்க வேண்டும். அது உண்டென்று பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும். பொறுப்பாளர் ஒருவர் பெயர் குறித்து அமர்த்தப்பட வேண்டும். பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் பணியாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேர விழிப்புணர்வுப் பயிற்சியும், கல்நாரைத் தொட்டுக் கலைக்க நேரும் பணியாளர்க்கு மேலும் 14 மணி நேரப் பயிற்சியும் தரப்பட வேண்டும். இக்கடைசி விதி நம் நெஞ்சைத் தொட்டது. ஏணி வைத்து மின்விளக்கு மாற்றுவதும், ஒழுகும் குழாயைத் தட்டிப் பார்ப்பதும், உதிர்ந்த வெண்பொடியைத் துடைப்பத்தால் கூட்டுவதும் அவர்தாமே? ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் முன்னே அத்தூசை உட்கொள்பவர் அவரே.

நம் வாசகர்க்கு வியப்பூட்டும் செய்தி ஒன்று. இச்சட்டம் அரசுப் பள்ளிகளோடு நிற்கவில்லை. இலாப நோக்கற்ற தனியார் பள்ளிகளையும் கட்டுப்படுத்துகிறது. பங்கு ஆலயத்தை ஒட்டி நிற்கும் கத்தோலிக்கப் பள்ளிகளும் இதில் அடங்கும். அருட்சகோதரிகள் பல்லாண்டு பாடம் புகட்டிய அப்பழைய கட்டடங்களிலும் கொதிகலன் உண்டு, பொதிவும் உண்டு. கோவில் பள்ளி என்பதற்காகக் கல்நார் இரக்கம் காட்டுவதில்லை. சட்டமும் அதற்கெனச் சலுகை காட்டவில்லை. அது சரியே என்பது நம் கருத்து.

இனி மேற்பார்வைக்கு வருவோம். ஒவ்வொரு பள்ளி நிர்வாகமும் தன் முதல் மேலாண்மைத் திட்டத்தை மாநில ஆளுநர்க்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் கூறியது. 1988 அக்டோபர் 12 கெடுநாளாகக் குறிக்கப்பட்டது. பள்ளிகள் திணறியதால் 1989 மே 9 வரை தவணை நீட்டிக்கப்பட்டது. ஆளுநர் 90 நாளுக்குள் திட்டத்தை மறுக்கலாம். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளைச் சேர்ந்த ஏடுகள் குறுகிய காலத்தில் மாநில அலுவலகங்களில் வந்து குவிந்தபோது, ஒவ்வொன்றையும் எத்தனை பேர் எவ்வளவு கவனமாகப் படித்திருக்க முடியும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

அதன்பின் பள்ளிகள் சட்டப்படி நடக்கின்றனவா என்று நேரில் சென்று பார்க்கும் வேலை யாருடையது? இங்கேதான் பொறுப்பு இரண்டாகப் பிரிகிறது. தனக்கென இணையான சட்டமும் ஆய்வாளரும் கொண்ட மாநிலம் விண்ணப்பித்தால், நடுவண் முகமை அப்பணியை அதனிடம் ஒப்படைக்கும். இவ்வாறு பெற்றவை 12 மாநிலங்கள். இல்லினாய்ஸ், டெக்ஸாஸ், மாசசூசெட்ஸ், கொலராடோ முதலியன அவற்றுள் சில. எஞ்சிய பெரும்பான்மை மாநிலங்களுக்கு முகமையே பொறுப்பு.

பொறுப்பு எப்படி நிறைவேறியது என்பதை அம்முகமையின் தணிக்கைப் பிரிவே 2018ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டது. 2011 முதல் 2015 வரையிலான நிதியாண்டுகளில் நடந்த பள்ளி ஆய்வுகளுள், தாமே பொறுப்பேற்ற மாநிலங்கள் செய்தவை நூற்றுக்கு 87. பெரும்பான்மை மாநிலங்களுக்குப் பொறுப்பான முகமை செய்தவை நூற்றுக்கு 13 மட்டுமே. முகமையின் பத்து வட்டார அலுவலகங்களுள் ஐந்து, யாரேனும் புகார் அளித்தால் மட்டுமே ஆய்வுக்குச் சென்றன. மணமும் நிறமும் இல்லாத தூசைப் பற்றி யார் புகார் எழுதுவார்? தெரிந்தால் அன்றோ எழுதுவதற்கு!

மாநிலங்களும் குறைகூற இயலாதவை அல்ல. 2015ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மேலவை உறுப்பினர் எட்வர்டு மார்க்கி 50 மாநில ஆளுநர்களுக்கும் இதுபற்றிக் கடிதம் எழுதி விவரம் கேட்டார். மறுமொழி தந்தவை 20 மாநிலங்களே. அவற்றிலும் பல, தம் பள்ளிகளின் கல்நார் நிலையை முறையாகத் தொடர்ந்து கண்காணிக்கவில்லை என்பது தெரியவந்தது.

ஏட்டில் ஆய்வு நடந்ததாக எழுதியிருந்தால் போதாது என்பதற்கு நியூயார்க்கு நகரமே சான்று. அந்நகரப் பள்ளிகளில் முன்னர் நடந்த கல்நார் ஆய்வுகள் நம்பத்தக்கவை அல்ல என்பது 1993 ஆகஸ்டில் வெளிப்பட்டது. நகரத் தலைவர் டேவிட் டிங்கின்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் மறு ஆய்வுக்கு ஆணையிட்டார். செப்டம்பர் 9ஆம் நாள் திறக்க வேண்டிய பள்ளிகள் 20ஆம் நாளுக்குத் தள்ளிப்போயின. அன்றும் சில திறக்கவில்லை. ஏறத்தாழப் பத்து இலட்சம் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் தாய்மார் பட்ட பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

பிலடெல்பியாவின் கதை இன்னும் அண்மையது. அங்கே பல்லாண்டு கற்பித்த ஆசிரியை ஒருவர்க்கு மீசோதீலியோமா கண்டது 2019ஆம் ஆண்டில் ஊரறிந்த செய்தியாயிற்று. அவ்வாண்டே சில பள்ளிகளில் சிதைந்த கல்நார் காணப்பட்டு வகுப்புகள் இடம் மாறின. 2023ஆம் ஆண்டில் மேலும் சில பள்ளிகள் மூடப்பட்டன. 2025 ஜூன் மாதத்தில் நடுவண் அரசின் நீதித்துறை அந்நகரப் பள்ளி நிர்வாகத்தின்மேல் இச்சட்டத்தின்கீழ்க் குற்றச்சாட்டுகள் பதிவு செய்தது. பார்க்க வேண்டிய காலத்தில் கட்டடங்களைப் பார்க்கவில்லை என்பதே அவற்றுள் பெரும்பாலானவற்றின் சாரம். நிர்வாகம் ஐந்தாண்டுக் காலம் ஒழுங்காக நடந்து காட்ட வேண்டும் என்னும் உடன்பாட்டின்பேரில் வழக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. சட்டம் பிறந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றபின் இது நடந்தது.

பள்ளி நிர்வாகங்களின் இடர்ப்பாட்டையும் நாம் மறுக்கவில்லை. எழுபது, எண்பது ஆண்டுக் கட்டடங்கள், ஒழுகும் கூரைகள், போதாத பணம். கூரை ஒழுகினால் நீர் ஊறிக் கல்நார்ப் பூச்சு உதிரும்; உதிர்ந்தால் அறையை மூட வேண்டும்; மூடினால் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது? சட்டத்தை இயற்றியவர்களும் இதை அறிந்திருந்தனர் போலும். நிர்வாகத்திடம் தண்டமாகப் பெறும் பணத்தை அதே பள்ளிகளின் கல்நார்ப் பணிக்கே செலவிட வேண்டும் என்று அவர்கள் எழுதிவைத்தனர். தண்டித்த பணம் பிள்ளைகளுக்கே திரும்பும் இவ்வேற்பாடு நமக்குப் பிடித்திருக்கிறது.

2024 மார்ச்சில் வெண்கல்நாரின் எஞ்சிய பயன்பாடுகளுக்கு அமெரிக்கா தடை விதித்தது. பள்ளிச் சுவர்களுக்குள் முன்பே சென்றுவிட்ட கல்நாரை அத்தடை தொடவில்லை.

அந்நாட்டில் வாழும் நம் குடும்பத்தினர், பிள்ளை பயிலும் பள்ளி அலுவலகத்திற்குச் சென்று மேலாண்மைத் திட்டத்தைக் காட்டும்படி கேட்கலாம்; காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேட்ட ஐந்து வேலை நாளுக்குள் அதைப் பார்வைக்கு வைக்க வேண்டும். படி எடுத்தால் அதற்குரிய நியாயமான செலவை மட்டும் பெறலாம். ஏடு கனமாயிருக்கும்; முழுவதும் படிக்க நேரம் இராது. கடைசி மூன்றாண்டு ஆய்வு எந்த நாளில் நடந்தது, கடைசி ஆறு மாதப் பார்வையில் கையொப்பமிட்டவர் யார் என்னும் இரண்டை மட்டும் முதலில் தேடிப் பார்க்க.