மருந்து கேட்டுவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள்

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போய் வந்தவருக்கு மறுநாள் கால் தள்ளாடினால் அசதி என்று விட்டுவிடுவோம். ஒன்று இரண்டாகத் தெரிந்தால் கண்ணாடிக் கடைக்குப் போவோம். பேச்சு குழறினால், குடித்திருக்கிறாரோ என்று சந்தேகப்படவும் ஆள் இருக்கும். இவை சேர்ந்து வந்து, முகத்தில் மரமரப்பும் சேர்ந்து, நாள்கணக்கில் கூடிக்கொண்டே போனால் பார்க்க வேண்டிய இடம் மூளைத்தண்டு. இதே தொந்தரவுகள் திடீரென்று வந்தால் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

மூளைத்தண்டில் வரும் அழற்சிகளில் மிக அரிதான ஒன்று கிளிப்பர்ஸ். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஷான் பிட்டாக்கும் சக மருத்துவர்களும் 2010-ல், 8 நோயாளிகளை ஆராய்ந்து இதற்குப் பெயர் வைத்தார்கள். காண்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எம்ஆர்ஐ எடுத்தால், மூளைத்தண்டின் நடுப்பகுதியிலும் சிறுமூளையிலும் மிளகுப்பொடி தூவியதுபோல் 3 மில்லிமீட்டருக்கும் சிறிய புள்ளிகள் தெரியும். காரணம் இன்னும் பிடிபடவில்லை.

'இதுதான்' என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை ஏதும் கிடையாது. மற்ற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் இங்கே வந்து சேர வேண்டும். நம் நாட்டில் முதலில் விலக்க வேண்டியது காசநோய். அடுத்தது லிம்ஃபோமா என்ற புற்றுநோய். அதனால்தான் முதுகில் நீர் எடுப்பது, நெஞ்சு ஸ்கேன், சிலருக்கு பயாப்ஸி என்று டாக்டர்கள் கேட்கிறார்கள். வீண் செலவு என்று இவற்றைத் தட்டிக்கழித்துவிடாதீர்கள்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஸ்டீராய்டு போட்டதும் கிளிப்பர்ஸ் சட்டென்று தணியும். லிம்ஃபோமாவும் சில காலம் அடங்கிப்போகும். பிறகு பயாப்ஸி எடுத்தாலும் புற்றுநோய் தெரியாமல் போகலாம். மருந்து கேட்டது என்பதாலேயே நோய் இன்னதென்று முடிவாகிவிடாது. 'ஸ்டீராய்டுக்கு முன்னால் எடுக்க வேண்டிய டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சா டாக்டர்?' என்று தயங்காமல் கேளுங்கள். உயிருக்கு அவசரமென்றால் டாக்டர் உடனே தொடங்குவார், அது சரிதான்.

வழக்கமாக மெத்தில் பிரட்னிசோலோன் தினம் 1 கிராம் வீதம் 5 நாள் வரை டிரிப்பில் ஏற்றி, பிறகு மாத்திரைக்கு மாற்றி மெல்லக் குறைப்பார்கள். நன்றாக நடக்க ஆரம்பித்ததும் வீட்டிலேயே மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மெல்லக் குறைக்கும்போதும், ஸ்டீராய்டு அளவு நாளுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போனதும் பலருக்கு நோய் திரும்புகிறது. அதைத் தடுக்க மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தைச் சேர்ப்பதுண்டு. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தவறி தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். அட்டையின் மேலேயே 'செவ்வாய் மட்டும்' என்று தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்கு மாத்திரை கொடுக்கும் பேரப்பிள்ளைக்கும் அது புரியும்.

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். அங்கிருந்து சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ கடிதம் கேட்கலாம். பக்கத்து வேலூர் சிஎம்சியும் இருக்கிறது. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை 1949-ல் ஜேக்கப் சாண்டி தொடங்கியது அங்கேதான். எங்கே போனாலும் எம்ஆர்ஐ படங்கள் உள்ள சிடி கையில் இருக்கட்டும். வெறும் ரிப்போர்ட் போதாது. அந்தப் புள்ளிகளை நிபுணர் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஆவணங்களைக் கேட்பது உங்கள் உரிமை. எழுதிக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர்கள் தர வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. பில் பாக்கியைக் காட்டி மறுப்பது முறையல்ல. பயாப்ஸிக்குக் கையெழுத்து கேட்டால், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று விளங்கும்படி சொன்ன பிறகே போடுங்கள். 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே வலியுறுத்தியது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வாங்கலாம். எந்தச் சிகிச்சை அதில் சேரும் என்பதை அட்மிஷனுக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

கவனக்குறைவால் பாதிப்பு நேர்ந்தால், பணம் கட்டிப் பெற்ற சிகிச்சைக்கு நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை அந்தச் சட்டத்துக்குள் வராது. அப்போது உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. டாக்டரின் நடத்தை பற்றிய புகாரென்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். எதற்கும் முதலில், மருத்துவமனை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.