பழைய கணிப்பொறியில் புதிய விளையாட்டு

"சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்பது நம் முன்னோர் வாக்கு. அதன் உண்மையை இவ்வாண்டுக் கோடை விடுமுறையில் நாங்கள் நேரில் கண்டோம்.

தமிழக அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய திட்டத்தின்கீழ், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்றோர்க்கு விலையில்லா மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. எங்கள் தோழியின் அக்கா பெற்ற மடிக்கணினி, பம்மலில் அவர்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. அதைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விற்றுவிட அப்பா எண்ணினார். கல்லூரிப் பாடம் முழுவதும் அதில் படித்த அக்காவுக்கோ மனமில்லை. "இது இன்னும் உழைக்கும் என்று காட்டுங்கள், விற்கவில்லை" என்றார் அப்பா. கணிப்பொறிக்குக் கடினமான வேலை விளையாட்டுத்தான் என்பதால், தோழியர் நால்வரும் அதையே சோதனையாகக் கொண்டோம்.

ஒரு விளையாட்டுப் பெட்டியைப் போலக் கணிப்பொறியை நடிக்க வைக்கும் நிரலே எமுலேட்டர். பெட்டியின் மொழி வேறு, கணிப்பொறியின் மொழி வேறு. மலையாளக் கடிதத்தை ஒருவர் வரிவரியாகத் தமிழில் சொல்வதாகக் கொள்வோம். ஒரே வரி நூறு முறை வந்தால் நூறு முறையும் மொழிபெயர்ப்பது வீண். முதல் முறையே நோட்டில் எழுதிக்கொண்டால் பின்பு படித்தால் போதும். நல்ல எமுலேட்டர்கள் இவ்வாறே செய்கின்றன.

2000ஆம் ஆண்டில் வந்த பிளேஸ்டேஷன் 2இன் செயலி வேகம் ஏறத்தாழ 295 மெகாஹெர்ட்ஸ். எங்கள் மடிக்கணினியின் வேகம் அதைப்போல் பல மடங்கு. ஆயினும், மாமா தம் சொந்தப் பெட்டியிலிருந்தும் தட்டிலிருந்தும் எடுத்துத் தந்த விளையாட்டு அதில் நத்தைபோல் ஊர்ந்தது. காரணம், அப்பெட்டியில் பல செயலிகள் ஒரே நேரத்தில் உழைக்கின்றன. அத்தனை பேர் வேலையையும் நம் கணிப்பொறி ஒன்றே செய்ய வேண்டும். நொடிக்கு 60 படங்கள் காட்ட, ஒவ்வொரு படத்துக்கும் 17 மில்லிநொடிகூடக் கிடைப்பதில்லை.

ஆகவே சிறிய பெட்டியை நாடினோம். சுவீடன் நாட்டு ஹென்றிக் ரிட்கார்ட் 2012இல் வெளியிட்ட பி.பி.எஸ்.எஸ்.பி.பி. என்னும் எமுலேட்டரை நிறுவினோம். முதலில் அதுவும் திணறியது. விசிறியில் அடைத்திருந்த தூசியைத் தூரிகையால் நீக்கினோம். சூடேறினால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேண்டாத நிரல்களை மூடினோம். படத்தைப் பெரிதாக்காமல், அக்கைப்பெட்டியின் இயல்பான 480க்கு 272 புள்ளிகளிலேயே வரையச் செய்தோம். 'கேவ் ஸ்டோரி' தடையின்றி ஓடியது!

இங்கு ஓர் எச்சரிக்கை. எமுலேட்டர் வைத்திருப்பது குற்றமன்று; ஆனால் பிறர் உழைத்து உருவாக்கி விலைக்கு விற்கும் விளையாட்டை அனுமதியின்றி நகல் எடுப்பது தவறு. 'கேவ் ஸ்டோரி'யை அதன் ஆசிரியர் டைசுகே அமாயா 2004இல் இலவசமாகவே வெளியிட்டார். அத்தகையவற்றையே நாம் தேட வேண்டும்.

அப்பா சிறிது நேரம் பார்த்துவிட்டு, தாமும் ஒரு முறை ஆடித் தோற்றார். மடிக்கணினி சந்தைக்குப் போகவில்லை. தோழியின் தம்பி இப்போது அதில் தட்டச்சு பழகுகிறான். இயலாததை அதனிடம் கேட்டபோது அது தோற்றது. இயன்றதைக் கேட்டபோது வென்றது. தோழியரே, உங்கள் வீட்டுப் பரணையும் ஒரு முறை பாருங்கள்!