பணமா, திறமையா? பந்தய வீரனை உருவாக்குவது எது?

சின்னக்கானலிலிருந்து தேவிகுளம் போகும் கேப் ரோட்டு வளைவுகளில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்து ஓட்டும் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்க்காதவர் இல்லை. "நானும் பந்தயத்தில் ஓட்டுவேன், நல்ல வண்டி வாங்கிக் கொடுங்கள்" என்று வீட்டில் அடம் பிடிப்பவர்களும் உண்டு. கொழுந்து பறித்த கூலியில் தவணை கட்ட வேண்டிய பெற்றோர் என்ன பதில் சொல்வது?

பந்தயம் பணத்தைத் தின்னும் தொழில். டயர், என்ஜின், மெக்கானிக், பாதுகாப்பு உடுப்பு, வெளியூர்ப் பயணம் என்று செலவுக்கு முடிவே இல்லை. ஐரோப்பாவின் சிறு குழுக்களில் இடம் வேண்டுமானால், ஓட்டுகிறவரே விளம்பரப் பணம் கொண்டுவர வேண்டிய நிலையும் உண்டு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

ஆனால் பணம் மட்டுமே வெற்றியைத் தருவதில்லை. ஸ்பெயின் நாட்டு ஜார்ஜ் மார்ட்டின் வசதியில்லாத குடும்பத்துப் பையன். தேர்வு வைத்து, வண்டியும் கொடுத்து இளைஞர்களை ஓடவிடும் ரூக்கீஸ் கோப்பைதான் அவருக்குக் கை கொடுத்தது. 2014-ல் அதை வென்றவர், 2024-ல் மோட்டோ ஜி.பி. உலகச் சாம்பியன் ஆனார். அதே நாட்டு மார்க் மார்க்கெஸ், பெரும் சம்பள ஒப்பந்தம் முடிய ஓராண்டு இருக்கும்போதே ஹோண்டாவை விட்டார். 2024-ல் ஒரு சிறிய குழுவில் முந்தைய ஆண்டு வண்டியை ஓட்டினார். 2025-ல் டுகாட்டி தொழிற்சாலைக் குழுவில் பட்டத்தை மீட்டார்.

ஷொர்ணூர் வீரர்

நம் பக்கத்திலேயே சான்று உண்டு. பாலக்காடு மாவட்டம் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, சவூதி பாலைவனத்தில் நடக்கும் டக்கார் பந்தயத்தில் 2021-ல் 20-வது இடம் பெற்றார். 2024-ல் ராலி-2 பிரிவில் முதலிடம். மொத்தப் பட்டியலில் 11-வது இடம். இரண்டு வாரம், ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் மணலில் ஓடும் இப்பந்தயத்தைச் சொந்தக் காசில் ஓட்டுவது எளிதல்ல. அவருக்குப் பின்னால் ஓசூர் டி.வி.எஸ். நிறுவனமும் பிரான்சின் ஷெர்க்கோவும் நின்றன. திறமை அவருடையது, செலவு நிறுவனத்துடையது.

ஒரே ரக வண்டி

ஏழைப் பிள்ளைக்கு உள்ள வாசலும் இதுதான். டி.வி.எஸ். போன்ற நிறுவனங்கள் "ஒன் மேக்" பந்தயம் நடத்துகின்றன. எல்லோருக்கும் ஒரே ரக வண்டி. அதையும் நிறுவனமே தருகிறது. பணக்காரப் பையன் வேகமான என்ஜினை விலைக்கு வாங்கி முந்த முடியாது. தேர்வில் கடிகாரம்தான் தீர்ப்புச் சொல்லும். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி மைதானம் ஆகியவை பந்தயம் நடக்கும் இடங்கள்.

வாசல் குறுகலானது, பலர் போவார்கள், சிலரே தேறுவார்கள். ஆனாலும் கோவைக்குப் போய்வரும் பஸ் செலவு, வண்டிக் கடனைவிடக் குறைவு. கேப் ரோட்டில் எதிரே வருவது லாரி. அங்கே காட்டும் வேகத்துக்கு யாரும் பரிசு தருவதில்லை. முதலில் தேர்வுக்கு அனுப்புங்கள். கடன் வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.