தலை தேய்ந்த திருகாணி

கார்புரேட்டரில் சிக்கிக்கொண்ட 4 மி.மீ. ஸ்க்ரூ ஒரு பழைய மோட்டார் சைக்கிளை மூலையில் உட்கார வைத்துவிடும். அதைக் கழற்ற பலத்தைவிடப் பொறுமைதான் அதிகம் தேவை.

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் வண்டிக்கு வேண்டியது எதுவும் கிடைக்கும் என்பது ஊரறிந்த பேச்சு. பிஸ்டன், கிளச் பிளேட், சைலன்சர், சீட் கவர் என்று கடைக்குக் கடை தொங்குகின்றன. மைசூர் மன்னர் ஜெயசாமராஜேந்திர உடையாரின் பெயரைத் தாங்கிய சாலை இது. 1961-ல் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலையைத் திறந்துவைத்தவரும் அவர்தான். தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அங்கே பிறந்த ஜாவாக்களும் யெஸ்டிகளும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஜூலை மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டிகளின் பிரியர்கள் ஊர்வலமாகக் கூடுகிறார்கள். 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ்.100-க்கும் இதே மவுசு. அன்று புதிதாக விற்ற விலையைவிட இன்று பழசாக அதிக விலைக்குப் போகிறது.

இந்தப் பிரியம் பல நேரம் முட்டி நிற்கும் இடம் கார்புரேட்டர். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, கோந்து போன்ற கசடை விட்டுச் செல்கிறது. ஊசிமுனை அளவு துளை கொண்ட பைலட் ஜெட் அடைத்துக்கொள்கிறது. எவ்வளவு உதைத்தாலும் வண்டி கிளம்பாது. ஜெட்டைச் சுத்தம் செய்வது பத்து நிமிட வேலை. ஆனால் அதற்கு முன் அடியில் இருக்கும் கிண்ணத்தைக் கழற்றியாக வேண்டும். கிண்ணத்தைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களில் மூன்று கழன்று வரும். நான்காவது அசையாது. இன்னும் அழுத்தித் திருகினால் திருப்புளி வழுக்கி, ஸ்க்ரூவின் தலை வழுவழுவென்று குழியாகிவிடும்.

ஏன் இப்படி? முதல் காரணம் உலோகங்களின் பொருத்தமின்மை. கார்புரேட்டரின் உடல் அலுமினியம் அல்லது துத்தநாகக் கலவையில் அச்சு வார்த்தது. ஸ்க்ரூவோ எஃகு. இரண்டுக்கும் நடுவே ஈரம் சேர்ந்தால் மெல்லிய மின்வேதி அரிப்பு தொடங்கி, மரைகளுக்கிடையே வெள்ளைப் பொடி இறுகிப்போகிறது. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. 2022-ல் 10 விழுக்காட்டை எட்டிய கலப்பு 2025-ல் 20 ஆகிவிட்டது. நிறுத்தியே வைத்திருக்கும் பழைய வண்டிகளுக்கு இது நல்ல செய்தி அல்ல.

இரண்டாவது காரணம் நம் கையில் இருக்கிறது. நாம் ‘ஸ்டார்’ என்று பொதுவாகச் சொல்லும் திருப்புளி பெரும்பாலும் பிலிப்ஸ் வகை. அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் 1936-ல் காப்புரிமை பெற்றது. அதன் முனை சற்றே சரிவானது. விசை கூடினால் பள்ளத்திலிருந்து மேலேறி வெளியே வந்துவிடும். ஜப்பானிய மிகுனி கார்புரேட்டர்களிலும் அவற்றைப் பின்பற்றி இங்கே தயாரானவற்றிலும் இருப்பது ஜப்பானியத் தர அளவிலான ஸ்க்ரூ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பல ஸ்க்ரூக்களின் தலையில் ஒரு சின்னப் புள்ளிக் குழிதான் அடையாளம். அதற்கென உள்ள திருப்புளி பள்ளத்தில் அடிவரை உட்காரும். இது தெரியாமல் ஆண்டுக்கணக்கில் பிலிப்ஸைப் போட்டுத் திருகியே எத்தனையோ தலைகள் தேய்ந்துபோயின.

விவரம் தெரிந்த மெக்கானிக் முதல் வழுக்கலிலேயே கையை எடுத்துவிடுவார். கார்புரேட்டரை வண்டியிலிருந்து கழற்றி, உள்ளே மிச்சமுள்ள பெட்ரோலைத் திறந்த வெளியில் வடித்துக் காயவைப்பார். ஸ்க்ரூவைச் சுற்றி டபிள்யூ.டி.40 போன்ற துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவைப்பார். மறுநாள், கிண்ணத்தை மரக்கட்டை மேல் தாங்கவைத்து, திருப்புளியைத் தலையில் பொருத்தி அதன் பின்புறத்தில் சுத்தியலால் சின்னச் சின்னத் தட்டு. இறுகிய துருவில் விரிசல் விழுந்து எண்ணெய் உள்ளே இறங்க இதுவே போதும். பலமாக அடித்தால் ஸ்க்ரூவுக்குப் பதில் கார்புரேட்டரின் காது உடைந்துவிடும். வார்ப்பு உலோகம் வளையாது.

அதற்கும் அசையாவிட்டால் திருப்புளி முனையில் வால்வு தேய்க்கும் பசையைக் கொஞ்சம் தடவுவார்கள். அதிலுள்ள சொரசொரப்பான துகள்கள் பிடிமானம் தரும். தலை உருண்டையாக மேலே துருத்திக்கொண்டிருந்தால் பூட்டுக் குறட்டால் வெளிப்பக்கமாகக் கவ்வித் திருகலாம். இல்லையென்றால் ஆக்ஸா பிளேடால் தலையில் நேர்கோடாக ஒரு வெட்டு. ஸ்டார் ஸ்க்ரூ தட்டை ஸ்க்ரூவாகிவிடும்.

அடுத்தது சூடு. ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். துத்தநாகம் இன்னும் கூடுதல். அதனால் துளை விரிந்து ஸ்க்ரூவின் பிடி தளரும். இதற்குக் கொதிக்கும் தண்ணீரே போதும். கழற்ற முடிந்த ரப்பர் வளையங்களை முதலில் எடுத்துவிட வேண்டும். நெருப்பைக் காட்டுவது மட்டும் கூடவே கூடாது. உறைநிலைக்குக் கீழே 40 டிகிரியிலேயே பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளக்கூடியது. தப்பினாலும் துத்தநாகக் கலவை 400 டிகிரிக்குள் உருகிவிடும்.

கடைசி வழி துளைப்பது. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முழு ஸ்க்ரூவையும் துளைக்கத் தேவையில்லை. தலையை மட்டும் துளைத்து எடுத்தால் கிண்ணம் தானாகக் கையில் வந்துவிடும். தலையின் அழுத்தம் போனபின் மிஞ்சிய தண்டு பெரும்பாலும் குறட்டுக்கு மசிந்துவிடும். கடைகளில் ‘ஈஸி அவுட்’ என்ற பெயரில் விற்கும் முறிந்த ஸ்க்ரூ எடுப்பானை இவ்வளவு சிறிய ஸ்க்ரூவில் நம்பி இறங்குவது ஆபத்து. அது கடினமான எஃகு, சட்டென்று முறியும். உள்ளே முறிந்துவிட்டால் சாதாரண டிரில் அதைத் தொடக்கூட முடியாது.

அந்த நிலைக்குப் போனவர்களுக்கும் இந்த ஊரில் வழி இருக்கிறது. 1953-ல் எச்.எம்.டி. தொடங்கியதிலிருந்தே பெங்களூர் எந்திரக் கருவிகளின் ஊர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பற்றிப் பேசும் லேத் பட்டறைகள் பீனியாவில் நிறையவே உண்டு. துளையின் நடுவை அளந்து துளைத்து, 4 மி.மீ. மரைக்கு 3.3 மி.மீ. துளை என்ற கணக்கில் புது மரை வெட்டித் தருவார்கள். மரை அடியோடு போயிருந்தால் கம்பிச்சுருள் போன்ற உள்மரை பதிப்பார்கள்.

இத்தனை பாடு எதற்கு, புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே என்று தோன்றலாம். வண்டிக்கென்றே வந்த அசல் கார்புரேட்டர் இனி எளிதில் கிடைக்காது. போலிகள் உண்டு, ஆனால் ஜெட் அளவு பிசகினால் மைலேஜும் போகும், இழுவையும் போகும். 2020 ஏப்ரல் 1-ல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் புது வண்டிகளில் கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் இஞ்செக்ஷன் பிடித்துக்கொண்டது. 2018-ல் மீண்டும் வந்த ஜாவாவிலும் 2022-ல் மீண்டும் வந்த யெஸ்டியிலும் கார்புரேட்டர் கிடையாது. புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்கள் கம்ப்யூட்டரைச் செருகிக் கோளாறு பார்க்கக் கற்கிறார்கள். இறுகிய ஸ்க்ரூ இளகும் நொடியை விரலால் உணரும் பழக்கம் அவர்களுக்கு வாய்ப்பது அரிது. சிவாஜிநகரிலும் கலாசிபாளையத்திலும் தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்து பேசும் முதிய மெக்கானிக்குகளின் கையில்தான் அது இன்னும் மிஞ்சியிருக்கிறது.

தமிழில் புத்தி தடுமாறியவனை மரை கழன்றவன் என்போம். பட்டறையில் மரை கழலாமல் இருப்பதுதான் வில்லங்கம். அது மறுபடி நேராமல் இருக்க வழி எளிது. பழைய ஸ்க்ரூவைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆலன் சாவி போடும் புது ஸ்க்ரூக்களை வாங்குங்கள். மரையில் துளி கிரீஸ் தடவுங்கள். திருகும்போது இரண்டு விரல் பலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். நாலைந்து ஸ்க்ரூவும் ஒரு சிட்டிகை கிரீஸும் வாங்க ஜே.சி. ரோட்டில் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.